இன்ன காளையின் கிடாரி: வாங்குமுன் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

மாதவரம், செங்குன்றம், பூந்தமல்லி, குன்றத்தூர் பக்கங்களில் நான்கைந்து மாடுகளோடு கறவைத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள், கறவைப் பசுவின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், கிடாரியாகப் பிடித்து வளர்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வருவது வழக்கம். அப்படித் தேடிப் போகும்போது அவர்கள் காதில் முதலில் விழுவது காளையின் புகழாகத்தான் இருக்கும். இது இன்ன நம்பர் காளையின் ஊசிக்குப் பிறந்தது, அந்தக் காளையின் தாய் ஈற்றுக்கு ஆறாயிரம் லிட்டர் கறந்தது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம் என்று தரகர் சொல்லச் சொல்ல விலையும் கூடவே ஏறும். அவர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் கிடாரியின் உடம்பில் நாம் காண்பவற்றுள் காளை தந்தது ஒரு பங்கு, தாய் தந்தது ஒரு பங்கு, வளர்த்தவர் போட்ட தீனியும் கட்டிவைத்த தரையும் தந்தது இன்னொரு பங்கு என்பதால், இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்குக் காளையின் நம்பர் தெரிந்தும் பயன் இல்லை. பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

காளை எது என்பதை உறுதி செய்தல்

மாட்டைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்கவேண்டும். சினை ஊசிக்குப் பயன்படும் உறைவிந்துக் குச்சி என்பது கால் மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் குழல். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி செல்சியசில் வைத்துக் காக்கப்படுவது. அந்தக் குழலின்மேல் காளையின் எண், இனம், உற்பத்தி செய்த நிலையம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். விவரம் தெரிந்த வளர்ப்பாளர் ஊசி போட்ட பிறகு காலிக் குச்சியை வாங்கி, தேதி எழுதிய சீட்டோடு கட்டி வைத்திருப்பார். குச்சி இல்லையென்றால் தாய்ப்பசுவின் காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். ஊசி போட்டவர் ஒழுங்காகப் பதிந்திருந்தால் பாரத் பசுதன் என்ற மத்திய அரசின் கணினிக் கால்நடைப் பதிவில் ஊசி போட்ட நாளும் காளையின் எண்ணும் இருக்கும்.

எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஊசி போட்ட நாளுக்கும் கன்று பிறந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்களில் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். நாட்டு மாடுகளில் சில நாள் கூடுதலாக இருக்கும். சனவரி 1-ஆம் தேதி ஊசி போட்ட பசு அக்டோபர் 8-ஆம் தேதியை ஒட்டிக் கன்று போட்டால் கணக்குச் சரி. அதே பசு அக்டோபர் 29-இல் போட்டிருந்தால், முதல் ஊசி நிற்காமல் 21 நாள் கழித்து மீண்டும் பருவத்துக்கு வந்து, வேறொரு ஊசியிலோ வேறொரு காளையிலோ சினை பிடித்தது என்றுதான் கொள்ளவேண்டும். இரண்டாவது ஊசிக்கு வேறு காளையின் குச்சி பயன்பட்டிருக்கலாம். சென்னையில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறந்த பிறகு தெருவில் அவிழ்த்துவிடப்படும் பசு, பருவத்தில் இருக்கும்போது கோவில் காளையையோ தெருக்காளையையோ சந்திக்காமல் இருப்பது அரிது. தாய் தெருவில் மேய்கிற மாடு என்று தெரிந்தால், காளையின் எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இனத்தின் பெயரிலும் ஏமாறலாம். நம் பக்கத்தில் சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ உள்ள கலப்பினம் எல்லாவற்றையும் "சிந்து மாடு" என்று சொல்லிவிடுகிறார்கள். சிவப்புச் சிந்தி என்பது திமிலும் தொங்கும் அலைதாடியும் அடர்ந்த செந்நிறமும் கொண்ட தனி இனம். முகம் நடுவில் குழிந்து, மூக்கைச் சுற்றி வெளுத்த வளையத்தோடு, திமில் இல்லாமலோ சிறுத்தோ நிற்கிற மான்நிறக் கிடாரி ஜெர்சிக் கலப்பு. சீட்டில் சிவப்புச் சிந்தி என்று எழுதியிருந்து, எதிரில் நிற்பது இரண்டாவது வகையாக இருந்தால், மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

காளையின் தாளில் உள்ள எண்களின் பொருள்

செங்குன்றத்தை அடுத்த அலமாதியிலும் உதகமண்டலத்திலும் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. அத்தகைய நிலையங்களின் காளைப் பட்டியலில் பொதுவாக இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, காளையின் தாய் ஒரு ஈற்றில் கறந்த பால். மற்றொன்று, காளையின் இனவிருத்தி மதிப்பு, அதாவது அதன் மகள்கள் எத்தனை பேர், எவ்வளவு கறந்தார்கள் என்பதைப் பல மந்தைகளில் அளந்து கணக்கிட்ட எண். புதியவர்கள் முதல் எண்ணில்தான் மயங்குகிறார்கள். காளையின் தாய் உங்கள் கிடாரிக்கு அப்பாயி முறை. அவளிடமிருந்து கிடாரிக்கு வந்தது கால்பங்கு மரபணு. அதுமட்டும் அல்ல, அந்த அப்பாயி ஆறாயிரம் லிட்டர் கறந்தது நல்ல பண்ணையில் நல்ல தீவனத்தில் கறந்ததாக இருக்கும். நம் கொட்டகையில் வைக்கோலும் தவிடும் தின்று அவளே அவ்வளவு கறந்திருக்கமாட்டாள்.

இரண்டாவது எண்ணுக்கே மதிப்புக் கொடுக்கவேண்டும். அதையும் பாதியாக்கித்தான் படிக்கவேண்டும். மாட்டுக்கு 60 குரோமோசோம்கள். அவற்றில் 30 காளையிடமிருந்து வருபவை. ஒரு காளையின் இனவிருத்தி மதிப்பு, பொதுவான மாட்டைவிட ஈற்றுக்கு 600 கிலோ பால் கூடுதல் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் மகள்கள் சராசரியாக 300 கிலோ கூடுதலாகக் கறக்கும் என்பது அதன் பொருள். சராசரியாக என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இல்லாதபோது, பல வயிறுகளில் பிறந்த ஒரு காளையின் மகள்கள் ஒன்றுபோல் இருக்கமாட்டார்கள். காளை தன்னிடமுள்ள மரபணுவில் எந்தப் பாதியை எந்த மகளுக்குத் தரும் என்பது குலுக்கலில் விழுவது. மரபியல் கணக்கின்படி, மாடுகளுக்கு இடையேயுள்ள மரபு வேற்றுமையில் முக்கால் பங்கு ஒரே காளையின் மகள்களுக்குள்ளேயே இருக்கும். காளைக்குக் காளை மாறுவது மீதிக் கால் பங்குதான். நல்ல காளைக்கு மோசமான மகள் பிறப்பதும், பேர் தெரியாத காளைக்கு நல்ல கிடாரி பிறப்பதும் இதனால்தான்.

தாளில் மகள்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். மகள்களே இல்லாத இளங்காளையின் மதிப்பு, அதன் பெற்றோரை வைத்துப் போட்ட மதிப்பீடு மட்டுமே. ஐம்பது அறுபது மகள்கள் கறந்து காட்டிய காளையின் மதிப்போடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

அக்கா தங்கைகளைத் தேடிப் போதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும். கிடாரிக்கு இன்னும் மடி இறங்கவில்லை. மடி எப்படி அமையும், முன்மடி வயிற்றோடு ஒட்டி நிற்குமா, காம்புகள் கைக்கு அடங்குமா என்பதையெல்லாம் அவளைப் பார்த்து முழுதாகச் சொல்ல முடியாது. அதே காளையின் மூத்த மகள்கள் இப்போது கறவையில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சொல்லலாம். ஒரே மருந்தகத்தின் எல்லையில் ஒரே காளையின் குச்சிகள் பல மாதம் பயன்பட்டிருக்கும் என்பதால், ஊசி போடுகிறவரிடம் பணிவாகக் கேட்டால் எந்தெந்த வீட்டில் அந்தக் காளையின் கன்றுகள் வளர்ந்தன என்று சொல்லிவிடுவார். ஐந்தாறு மகள்களையாவது, வெவ்வேறு வீடுகளில், கறக்கும் நேரத்தில் பாருங்கள்.

பார்க்கும்போது குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்பதே கேள்வி. ஒரு மாட்டுக்கு முன்மடி தளர்ந்திருந்தால் அது அந்த மாட்டின் கதை. ஆறில் நான்குக்குத் தளர்ந்திருந்தால் அது காளையின் கதை. இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் செங்குன்றம் பக்கத்தில் உயரமும் நீளமுமாக, பார்த்த கண் பார்த்தபடி நிற்கவைக்கும் ஒரு கிடாரியை, காளையின் பெயருக்காகவே கூடுதல் விலை கொடுத்துப் பிடித்தேன். தலையீற்றிலேயே அவளுடைய முன்மடி வயிற்றைவிட்டுப் பிரிந்து, மூன்றாம் மாதத்தில் காம்பு நுனி முட்டிக்குக் கீழே தொங்கியது. பிறகு விசாரித்தபோது, நான் கிடாரி வாங்கிய வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அதே காளையின் மகள்கள் மூன்று இருந்தன. மூன்றுக்கும் அதே மடி. வாங்குவதற்கு முந்தைய நாள் மாலை ஒரு மணி நேரம் நடந்திருந்தால் போதும்.

தாயையும் அவசியம் பாருங்கள். கிடாரிக்குப் பாதி அவள் தந்தது என்பதை ஏனோ விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே மறந்துவிடுகிறார்கள். எத்தனை ஈற்று ஆயிற்று, ஈற்றுக்கு ஈற்று எத்தனை மாத இடைவெளி, மடிநோய் வந்ததா, கறக்கும்போது உதைக்குமா என்று கேளுங்கள். ஒரு நாள் உச்சக் கறவையைக் கேட்பதைவிட, கன்று போட்ட ஆறாம் மாதத்தில் எவ்வளவு கறந்தது என்று கேட்பது நல்லது. உச்சத்தை எல்லாரும் கூட்டிச் சொல்வார்கள். ஆறாம் மாதத்தைக் கூட்டிச் சொல்லத் தோன்றாது.

வயது, எடை: தீனியின் பங்கைக் கழித்தல்

கிடாரியின் வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். இரண்டு வயதை ஒட்டித்தான் நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பதினைந்து மாதக் கிடாரி என்று சொல்லி, வாயில் இரண்டு பல் போட்டிருந்தால், அது வயதான சவலை. சவலையான உடம்பில் காளையின் குணத்தைத் தேடுவது வீண்.

அடுத்து எடை. எடை மேடை இல்லாத இடத்தில் தையற்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்த சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புட்ட எலும்புவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும்; அளவுகள் அங்குலத்தில் இருக்கவேண்டும். சுற்றளவு 56 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்றால் எடை ஏறத்தாழ 228 கிலோ. பிறக்கும்போது 25 கிலோ இருந்த கலப்பினக் கன்று நாளொன்றுக்கு 450 கிராம் வீதம் ஏறினால், பதினைந்து மாதத்தில் இந்த எடைக்கு வந்திருக்கும். அது நல்ல வளர்ச்சி. முதல் ஊசி போடுவதற்கு வயதைவிட எடையே கணக்கு: வளர்ந்த பசுவின் எடையில் 55 முதல் 60 விழுக்காட்டை எட்டியிருக்கவேண்டும்.

எடை பெரும்பாலும் தீனியைக் காட்டும்; உயரமும் எலும்புச் சட்டமும் காளையையும் தாயையும் கூடுதலாகக் காட்டும். உயரமாக வளர்ந்து விலா எண்ணும்படி மெலிந்திருக்கும் கிடாரியை நல்ல தீவனத்தாலும் குடற்புழு நீக்கத்தாலும் தேற்றிவிடலாம். குட்டையாகவும் கொழுகொழுவென்றும் இருப்பதுதான் புதியவரின் கண்ணைக் கவரும். அதில்தான் ஆபத்து அதிகம். மூன்று மாதத்திலிருந்து பருவத்துக்கு வரும்வரை மடியின் பால்திசு விரைவாக வளரும் காலம். அந்தக் காலத்தில் தவிடும் மாவும் கொட்டிக் கொழுக்க வைத்தால் மடியில் திசுவுக்குப் பதில் கொழுப்பு சேர்ந்துவிடும். மடியைக் கையால் பிடித்துப் பாருங்கள்: தோல் மெல்லியதாய், தளர்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாததுபோல் இருந்தால் நல்லது, பிசைந்த மாவுபோல் கெட்டியாகத் திரண்டிருந்தால் தரகர் அதை "இப்போதே மடி எடுத்துவிட்டது பாருங்கள்" என்பார், நீங்கள் கையை எடுத்துவிடுங்கள்.

கிடாரியின் முன் நிற்கும்போது

எந்தக் குணத்தைப் பார்த்தால் காளையைப் பற்றித் தெரியும், எதைப் பார்த்தால் தெரியாது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. மாடுகளுக்கு இடையே காணும் வேற்றுமையில் எத்தனை விழுக்காடு மரபால் வந்தது என்று ஒவ்வொரு குணத்துக்கும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஹோல்ஸ்டீன் மாடுகளில் உயரத்துக்கு அது 40 விழுக்காட்டை ஒட்டி வரும். புட்டச் சரிவுக்கு 30-ஐ ஒட்டியும், மடியமைப்புக்கும் காம்பு நீளத்துக்கும் 25 முதல் 30-ம், பின்னங்கால் வளைவுக்கு 20-ம், குளம்பின் கோணத்துக்கு 15-ம், சினை பிடிக்கும் திறனுக்கு 5-க்கும் குறைவாகவும் வரும். பாலின் அளவுக்கு 25 முதல் 30; பாலின் கொழுப்புச் சத்து விகிதத்துக்கு ஏறக்குறைய 50. ஆகவே "இந்தக் காளையின் மகள்கள் ஒரே ஊசியில் நிற்கும்" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

முதலில் கிடாரியை அவிழ்த்துச் சமதரையில் நடக்கச் சொல்லி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நடையில் நொண்டல் இல்லாமல், பின்னங்கால் முன்னங்காலின் தடத்தை ஒட்டி விழவேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று முதுகுக்கோட்டைப் பாருங்கள். தோளிலிருந்து இடுப்புவரை நேராக இருக்கவேண்டும். இடுப்பெலும்புக்கும் வாலடியில் உள்ள புட்ட எலும்புக்கும் இடையே ஒரு கோடு இழுத்தால், பின்பக்கம் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது. பின்பக்கம் உயர்ந்திருந்தால் ஈற்றுக்குப் பின் கருப்பை அழுக்கு வடியச் சிரமப்படும். ஜெர்சியின் புட்டம் சமமாகவும் நாட்டு மாட்டின் புட்டம் சரிந்தும் இருப்பதால், கலப்பினத்தில் ஓரளவு சரிவைக் குறை என்று சொல்லக்கூடாது.

பின்னங்காலைப் பக்கத்திலிருந்து பாருங்கள். முட்டியில் அரிவாள்போல் வளைந்திருப்பதும் கூடாது, கம்பத்தை நட்டதுபோல் நேராக இருப்பதும் கூடாது. மாட்டின் உடலமைப்பை வகைப்படுத்துகிற வல்லுநர்கள் ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். உயரம் போன்ற சிலவற்றில் பெரிய எண்ணுக்கே பெரும்பாலும் மதிப்பு, ஆனால் கால் வளைவிலும் புட்டச் சரிவிலும் நடுவில் உள்ள 5-தான் விரும்பத்தக்கது. புதியவர்கள் இதை மறந்து, எல்லாவற்றிலும் மிகையானதையே நல்லதென்று எண்ணிக்கொள்கிறார்கள்.

குளம்பைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். சென்னைக் கொட்டகைகளில் சிமென்ட் தரையில் குட்டைக் கயிற்றில் நாள் முழுதும் நிற்கும் கிடாரிக்குக் குளம்பு தேயாமல் நீண்டு, செருப்பு நுனிபோல் மேல்நோக்கி வளைந்துவிடும்; சாணமும் மூத்திரமும் ஈரமும் சேர்ந்து குதிகாலை இளக்கிவிடும். இதைப் பார்த்துவிட்டுக் காளையைக் குறை சொன்னவர்களை நான் அறிவேன். குளம்பின் குணத்தில் மரபின் பங்கு சிறியது என்பதால், செதுக்கிவிட்டு ஒரு மாதம் மண்தரையில் கட்டினால் சரியாகிவிடக்கூடியதா என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள். காலெலும்பே கோணியிருப்பது வேறு.

பின்னால் வந்து நின்று, இரண்டு புட்ட எலும்புகளுக்கும் இடையே அகலம் பாருங்கள். அகலமாக இருந்தால் கன்று ஈனுவது எளிது, பின்மடிக்கும் இடம் உண்டு. முன்னால் வந்து இரண்டு முன்னங்கால்களுக்கும் இடையே மார்பின் அகலம் பாருங்கள். ஒடுங்கிய மார்பு கொண்ட கிடாரி நிறையத் தின்று நிறையக் கறக்கும் மாடாக மாறுவதைக் காண்பது அரிது.

காம்புகளைக் குனிந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள். கிடாரியிடம் மடியைப் பற்றிக் கிடைக்கும் மெய்யான தடயம் அவை மட்டுமே. நான்கும் சதுரமாக, போதிய இடைவெளியோடு, நேர்கீழாக நோக்கி நிற்கவேண்டும். முன்காம்புகள் இரண்டும் வெளிப்பக்கம் விலகி நின்றால், மடி பெருக்கும்போது இன்னும் விலகும். நீளமும் முக்கியம். பால்கறக்கும் இயந்திரத்துக்கு ஏற்ற குட்டைக் காம்புகளைத் தரும் காளைகள் உண்டு. கையால் கறக்கும் வீட்டுக்கு அவை தொல்லை. உங்கள் வீட்டில் யார் கறக்கப்போகிறார், கையாலா இயந்திரத்தாலா என்பதை முடிவு செய்துவிட்டு, அந்தக் காளையின் கறவை மகள்களின் காம்பைப் பிடித்துப் பாருங்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் இருந்தால் கைக்கு அடங்கும். ஐந்தாவதாகச் சிறு காம்பு இருந்தால் அது பெருங்குறை அல்ல; கன்றாக இருக்கும்போதே மருத்துவர் எடுத்துவிடுவார். ஆனால் இயல்பான காம்போடு ஒட்டிக்கொண்டு முளைத்திருந்தால் யோசிக்கவேண்டும்.

வயிற்றின் கீழ் ஓடும் பால்நரம்பைக் கிடாரியிடம் தேடுவதில் பொருள் இல்லை. சுழியைப் பற்றி நான் வாதாடுவதில்லை. நெற்றியிலும் முதுகிலும் உள்ள மயிர்ச்சுழிக்கும் பாலுக்கும் தொடர்பு இல்லை என்றாலும், வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்தோறும் கூடும் சந்தையில் நாளைக்கு நீங்களே விற்கப் போகும்போது, வாங்குகிறவர் சுழி பார்த்து விலையைக் குறைப்பார். அது மாட்டின் குறை அல்ல, சந்தையின் வழக்கம். விலை பேசும்போது மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வெயிலுக்குத் தாங்குமா

தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்ற அடிப்படையில் நெடுநாளாக இனக்கலப்பு நடந்து வந்ததற்குக் காரணம் வெப்பம். சென்னையில் வெப்பத்தோடு கடற்காற்றின் ஈரமும் சேர்வதால் மாட்டின் வியர்வை உலர வழியில்லை. கருப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் கலப்புக் கிடாரியின் பால் கணக்கு தாளில் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அவள் கத்திரி வெயிலில் நம் தகரக் கூரையின் கீழ் நின்று தின்னவேண்டும். வெளிநாட்டு இனத்தின் பங்கு முக்கால்வாசிக்கு மேல் போனால் பராமரிப்புச் செலவும் மேலே போகும் என்பது என் அனுபவம்.

ஆகவே கிடாரியைக் காலையில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு மீண்டும் போய், கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விலாப்பக்கம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஐம்பதுக்குள் இருந்தால் அமைதி. அறுபதைத் தாண்டினால் வெப்பம் அவளை வாட்டத் தொடங்கிவிட்டது. வாயைத் திறந்து நாக்கை நீட்டி எச்சில் ஒழுக நின்றால் அந்த இடத்தில் அந்த உடம்பு தாங்கவில்லை. பக்கத்தில் கட்டியிருக்கும் வேறு காளையின் கிடாரிக்கும் எண்ணிப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே தண்ணீர், ஒரே நேரம் என்றால், இருவருக்கும் உள்ள வேற்றுமையில் உடம்பின் பங்கு தெளிவாகத் தெரியும். வழுவழுப்பான குறுமயிர் கொண்ட கிடாரி, கோடையில்கூட நீண்ட சடைமயிரோடு இருப்பவளைவிட எளிதில் சமாளிக்கும்.

விலையே பேசக்கூடாதவை

காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரியை வாங்காதீர்கள். கருப்பையில் இருவரின் இரத்தமும் கலப்பதால், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட அத்தகைய கிடாரிகள் மலடாகவே இருக்கும். வெளியே பார்க்கக் கட்டுமஸ்தாக இருக்கும் என்பதால் விற்பவர் சொன்னால்தான் தெரியும். ஐயம் இருந்தால் பிறப்புறுப்பின் ஆழத்தை மருத்துவர் சோதித்துச் சொல்லிவிடுவார். தொப்புளில் குடலிறக்க வீக்கம், மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாமை ஆகியவை மரபில் வரக்கூடியவை. அந்தக் காளையின் வேறு கன்றுகளுக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையே போடும் கன்றுவீச்சு நோய்த் தடுப்பூசி போட்டதா என்பதையும் பதிவில் பார்த்துவிடுங்கள். அது காளையைப் பற்றிய செய்தி அல்ல என்றாலும், அந்த வயதைத் தாண்டிவிட்டால் பிறகு போட முடியாது. ஐயம் தீராத நேரத்தில், 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

வாங்கிய பிறகு

ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் காதுவில்லை எண், பிறந்த நாள், தாயின் எண், காளையின் எண் ஆகியவற்றை எழுதுங்கள். காளையின் எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவது என் வழக்கம். உறைவிந்து பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்பதால், உங்கள் கிடாரி முதன்முறை பருவத்துக்கு வரும் நாளில் அவளுடைய தகப்பன் காளையின் குச்சியே மருந்தகக் குடுவையில் இருக்கக்கூடும். தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றின் உள்ளினப்பெருக்க அளவு, அதாவது தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே முன்னோரின் ஒரே மரபணு வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. வளர்ச்சி குன்றலும் மறைந்திருந்த குறைகள் வெளிப்படுவதும் அதில் எளிது. ஊசி போட வருகிறவரிடம் குச்சியைக் காட்டச் சொல்லி, எண்ணை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். ஒரே தகப்பனின் மகன் காளையும் வேண்டாம். அந்தச் சேர்க்கையில் 12.5 விழுக்காடு.

மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவையும் இடுப்புயரத்தையும் அளந்து எழுதுங்கள். கிடாரி தலையீற்று ஈன்று ஒன்றிரண்டு மாதம் ஆனதும், கறப்பதற்கு முன்பு மடி நிறைந்திருக்கும் நேரத்தில், வாங்குவதற்கு முன் அவளிடம் காண முடியாதவற்றைப் பார்த்து எழுதவேண்டும்: முன்மடி வயிற்றோடு ஒட்டியிருக்கிறதா, மடியின் அடி பின்கால் முட்டிக்கு எவ்வளவு மேலே நிற்கிறது, மடியை இரண்டாகப் பிரிக்கும் நடுப்பிளவு ஆழமாக இருக்கிறதா, காம்புகள் எந்தப் பக்கம் நோக்குகின்றன. நீங்கள் பார்த்துவந்த அக்கா தங்கைகளின் குறிப்பு அதே நோட்டில் இருக்கும் என்பதால், இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். அடுத்த ஊசிக்கு எந்தக் காளை என்று மருந்தகத்தில் கேட்கப் போகும்போது, தளர்ந்த முன்மடி என்று எழுதியிருந்தால் மகள்களுக்கு ஒட்டிய முன்மடி தந்த காளையின் குச்சியையும், குட்டைக் காம்பு என்று எழுதியிருந்தால் நீண்ட காம்பு தந்த காளையின் குச்சியையும் கேட்டு வாங்குங்கள். நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.